நாடுகளின் சங்கமும் அயர்லாந்தின் அனுபவமும்

சங்கத்தில் சேர மனுச் செய்யும் ஒருவர், உபவிதிகளுக்கும் அவற்றில் பின்னால் முறைப்படி செய்யப்படும் திருத்தங்களுக்கும் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டே கையொப்பமிடுகிறார். பங்குத் தொகை எவ்வளவு, கடன் எவ்வளவு கிடைக்கும் என்ற இரண்டை மட்டும் விசாரித்துவிட்டு, அந்த வாசகத்தைப் படியாமலே கையொப்பமிடுகிறவர்கள் அதிகம் என்பதை நாம் சங்கந்தோறும் காண்கிறோம். சங்கத்தின் நூலில் நெய்த புடவையை வெளி வியாபாரியிடம் விற்றதற்காக நிர்வாகக் குழுவிடமிருந்து நோட்டீஸ் வரும் அன்றுதான், தாம் ஒப்புக்கொண்டது என்ன என்ற நினைவு பலருக்கு உண்டாகிறது.

நாடுகளும் இவ்வாறு சங்கம் சேர்வதுண்டு. சேர்ந்தபின் நோட்டீஸ் பெறுவதும் உண்டு. ஒரு சுதந்திர நாட்டுக்கு அதன் எல்லைக்கு அப்பாலுள்ள ஸ்தாபனம் ஒன்று எவ்வாறு கட்டளையிட முடியும், அதனால் அந்நாட்டின் சாதாரண ஜனங்களுக்கு விளைவதென்ன என்பதை அயர்லாந்தின் அனுபவத்தைக் கொண்டு விளக்க முற்படுகிறோம். அயர்லாந்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது சிறிய நாடு. மேய்ச்சலும் பால் பண்ணையும் மிகுந்த நாடு. கூட்டுறவில் நமக்கு மூத்த நாடு. ஹோரேஸ் பிளங்கெட் என்பாரின் முயற்சியால் லிமெரிக் மாவட்டத்து டிரம்காலகர் என்னும் ஊரில் அந்நாட்டின் முதல் கூட்டுறவு வெண்ணெய்ச்சாலை 1889-ல் தோன்றிவிட்டது. இந்தியாவில் கூட்டுறவுக்கென முதற்சட்டம் வந்தது 1904-ல்தான்.

சங்கம் பிறந்த வகை

இரண்டு மகாயுத்தங்களில் ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட நாடுகள், யுத்த தளவாடங்களுக்கு மூலப் பொருள்களான நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தின்கீழ் வைப்பதென 1951-ல் பாரிஸில் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறும் அந்நாடுகள். இவ்வாறே 1957 மார்ச் 25-ல் ரோமாபுரியில் செய்த உடன்படிக்கை, எல்லாச் சரக்குகளுக்கும் ஒரே சந்தையை ஏற்படுத்திற்று. அதுவே வளர்ந்து இன்று 27 நாடுகளைக் கொண்ட ஐரோப்பிய யூனியனாக இருக்கிறது.

அயர்லாந்து 1961-லேயே மனுச் செய்தது. ஆனால் அதன் ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்டது பிரிட்டனுக்கே போய்க்கொண்டிருந்தமையால், பிரிட்டன் சேராமல் தான் மட்டும் சேர்வது அதற்கு இயலாததாயிற்று. பிரெஞ்சு ஜனாதிபதி டிகால் 1963-லும் 1967-லும் பிரிட்டனின் மனுவைத் தடுத்தார். அயர்லாந்தும் வாசலில் நிற்க நேர்ந்தது. முடிவில் 1972 மே 10-ல் நடந்த பொதுஜன வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களுள் 83 சதவிகிதத்தினர் சம்மதம் தெரிவிக்க, 1973 ஜனவரி 1-ல் பிரிட்டன், டென்மார்க் ஆகியவற்றுடன் அயர்லாந்தும் அங்கத்தினராயிற்று.

அவ்வாக்கெடுப்பின் மூலம் அயர்லாந்து தன் அரசியல் சட்டத்தில் சேர்த்துக்கொண்ட பிரிவு ஒன்று முக்கியமானது. அங்கத்துவக் கடமைகளை நிறைவேற்ற அவசியமாகும் சட்டங்களையும் நடவடிக்கைகளையும் இந்த அரசியல் சட்டத்திலுள்ள எதுவும் செல்லாததாக்காது என்பது அதன் சாரம். நமது சங்க மனுவில் உள்ள அதே வாசகத்தை ஒரு தேசமே எழுதிக் கையொப்பமிட்டதாகக் கொள்ளலாம்.

வெறும் ஒப்பந்தமன்று

இங்கு ஒரு சந்தேகம் எழலாம். நாடுகள் ஒப்பந்தம் செய்துகொள்வது புதிதா? இந்தியா 1995 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் அங்கத்தினராக உள்ளதே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. உலக வர்த்தக ஒப்பந்தத்தை ஒரு நாடு மீறினால் அதன்மேல் வழக்காட வேண்டியது மற்றொரு நாட்டின் அரசாங்கம். பாதிக்கப்பட்ட நெசவாளியோ வியாபாரியோ அங்கே வாதியாக நிற்க முடியாது. ஐரோப்பியச் சங்கத்தில் நிலைமை வேறு. அவ்வேற்றுமை உடன்படிக்கையில் வெளிப்படையாக எழுதப்பட்டதன்று. லக்ஸம்பர்க்கில் உள்ள பொது நீதிமன்றம் அளித்த இரண்டு தீர்ப்புகளால் உண்டானது.

நெதர்லாந்துக் கம்பெனி ஒன்று மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ரசாயனப் பொருளை வரவழைத்தது. 3 சதவிகிதமாக இருந்த இறக்குமதித் தீர்வையை நெதர்லாந்து 8 சதவிகிதமாக்கி வசூலித்தது. தீர்வையை உயர்த்துவதில்லை என்று உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்களே என்று கம்பெனி வழக்காடிற்று. அரசாங்கங்கள் தமக்குள் எழுதிக்கொண்ட பத்திரத்தை ஒரு கம்பெனி எடுத்துக்காட்டலாமா? காட்டலாம் என்று நீதிமன்றம் 1963-ல் கூறிற்று. உடன்படிக்கை அரசாங்கங்களுக்குக் கடமையை மட்டும் விதிக்கவில்லை. தனி மனிதருக்கு உரிமையையும் அளிக்கிறது என்பது தீர்ப்பு. மறு ஆண்டு வந்தது இத்தாலிய வழக்கு. மிலான் நகரத்து வக்கீல் கோஸ்டா என்பவர், மின்சாரத் தொழிலை அரசாங்கம் ஏற்றுக்கொண்டதை ஆட்சேபித்து, 1,925 லீராவுக்கு வந்த மின்சார பில்லைக் கட்ட மறுத்தார். தொகை அற்பமானதுதான். ஆனால் அந்த வழக்கில்தான், உடன்படிக்கைக்குப் பின்னால் ஒரு நாடு சொந்தச் சட்டம் எதை இயற்றினாலும் அது பொதுச் சட்டத்துக்கு மேற்படாது என்று 1964-ல் முடிவாயிற்று.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். சங்கச் சட்டம் நாட்டுச் சட்டத்துக்கு மேலானது. அதனை நாட்டின் சொந்தக் கோர்ட்டிலேயே எந்தக் குடியானவனும் எடுத்துக்காட்டலாம். அயர்லாந்து சேர்ந்தபோது இவ்விரண்டு தீர்ப்புகளும் முன்னமே வந்திருந்தன. ஆகவே, தெரியாமல் சேர்ந்தோம் என்று சொல்ல அதற்கு இடமில்லை.

உள்நாட்டுச் சரக்கையே வாங்குங்கள்

சுதேசி இயக்கத்தில் வளர்ந்த நமக்கு அடுத்த வழக்கு சிறிது கசப்பாகவே இருக்கும். 1978 ஜனவரியில் அயர்லாந்து அரசாங்கம், உள்நாட்டுச் சரக்கை வாங்கும்படி ஜனங்களைத் தூண்டும் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. இறக்குமதிச் சரக்குகளுக்குச் செலவாகும் தொகையில் ஒரு பகுதியை, அதாவது மொத்த நுகர்வில் 3 சதவிகித அளவை, உள்நாட்டுச் சரக்கின்பால் திருப்புவது நோக்கம். விளம்பரங்கள் செய்தனர், அயர்லாந்துச் சரக்குக்குத் தனி முத்திரை அளித்தனர். இவற்றை நடத்தியது அரசாங்க இலாகா அன்று, ஒரு கவுன்சில். எனினும் அதன் நிர்வாகிகளை நியமித்ததும் பெரும்பகுதிப் பணத்தை அளித்ததும் அரசாங்கமே.

ஐரோப்பியக் கமிஷன் இதன்மேல் வழக்குத் தொடுத்தது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, புத்திமதிதானே சொன்னோம் என்றது அயர்லாந்து. அதுமட்டுமன்று, இயக்கம் பலனளிக்கவும் இல்லை. சந்தையில் உள்நாட்டுச் சரக்கின் பங்கு 1977-ல் 49.2 சதவிகிதமாக இருந்தது 1980-ல் 43.4 ஆகக் குறைந்தே போயிற்று என்று கணக்கும் காட்டிற்று. தன் திட்டம் தோல்வியடைந்தது என்பதையே ஓர் அரசாங்கம் தனக்குப் பாதுகாப்பாகக் கோர்ட்டில் கூறுவது நாம் அடிக்கடி காணும் காட்சியன்று! நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பலித்ததா என்பது கேள்வியல்ல; மற்ற அங்கத்தினர் நாடுகளின் சரக்கைத் தடுக்கும் நோக்கத்துடன் அரசாங்கமே முன்னின்று செய்த முயற்சி, சட்டத்தால் கட்டாயப்படுத்தப்படாவிட்டாலும் விதிமீறலே என்று 1982 நவம்பர் 24-ல் தீர்ப்பளித்தது.

இதனால் ஒரு நெசவாளியோ விவசாயியோ தன் சரக்கைப் புகழ்ந்து சொல்லவே கூடாதென்பதன்று. மறு ஆண்டு பிரிட்டனைச் சேர்ந்த ஆப்பிள், பேரிக்காய் விளைவிப்போர் கவுன்சிலைப் பற்றி வந்த வழக்கில் இது தெளிவாயிற்று. நாட்டில் விளையும் ரகத்தின் சுவை இது, குணம் இது என்று எடுத்துச் சொல்லலாம்; அந்நியச் சரக்கை வாங்காதே என்று சொல்லலாகாது. சர்க்காரின் பணமும் அதிகாரமும் பின்னால் நிற்கும்போதே இக்கட்டுப்பாடு. வியாபாரிகளும் உற்பத்தியாளரும் தாமே சேர்ந்து செய்துகொள்வதை அது தடுக்கவில்லை. நுண்ணிய வேற்றுமைதான். ஆயினும் சொந்தப் பலத்தில் நிற்கும் சங்கத்துக்கும் மானியத்தில் நிற்கும் ஸ்தாபனத்துக்கும் உள்ள வேற்றுமையை அறிந்தவர்களுக்கு அது எளிதில் புலப்படும்.

பால் வாரியம் கூட்டுறவானது

அதே சட்டம் மற்றொரு பக்கத்தில் செய்ததையும் பார்க்க வேண்டும். அயர்லாந்தின் வெண்ணெயை வெளிநாட்டில் விற்பதற்கு 1961-ல் அரசாங்கம் ஒரு பால் வாரியத்தை ஏற்படுத்தியிருந்தது. ஏற்றுமதி முழுவதும் அதன் ஏகபோகம். சங்கத்தில் சேர்ந்ததும் இத்தகைய சர்க்கார் ஏகபோகம் பொது விதிகளுக்குப் பொருந்தாதென்று ஆயிற்று. வாரியத்தைக் கலைத்துவிட்டு ஒவ்வொரு வெண்ணெய்ச்சாலையும் தன் வழியில் போயிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. 1973-ல் வாரியத்தையே ஒரு கூட்டுறவு ஸ்தாபனமாக மாற்றி, பால் சங்கங்களே அதற்கு உடைமையாளர்களாயின. கட்டாயத்தின் பேரில் வாரியத்தின் மூலம் விற்றவர்கள், விருப்பத்தின் பேரில் தமது சம்மேளனத்தின் மூலம் விற்றனர். அதன் 'கெர்ரிகோல்ட்' வெண்ணெய் பின்னர் ஜெர்மனியில் முதலிடம் பெற்ற வெண்ணெயாயிற்று. உள்நாட்டுச் சரக்கையே வாங்குங்கள் என்று ஜெர்மன் சர்க்காரும் பிரசாரம் செய்ய இயலாதிருந்தமையை இங்கு நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டன் ஒன்றையே நம்பியிருந்த நிலையும் மாறிற்று. சரக்கு ஏற்றுமதியில் அதன் பங்கு இன்று ஏறத்தாழப் பத்தில் ஒன்றே.

பால் பங்கீடு

பொதுச் சந்தையுடன் பொது விவசாயக் கொள்கையும் வந்தது. வெண்ணெய் விலை ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் சங்கமே வாங்கிக் கிடங்கில் வைக்கும் என்ற உத்தரவாதம் இருந்தது. நிச்சயமான விலை இருந்தால் யார்தான் கறவையைப் பெருக்கமாட்டார்கள்? எல்லா நாடுகளிலும் பால் பெருகிற்று. கிடங்குகளில் வெண்ணெய் மலையாகக் குவிந்தது. 1980-களின் நடுவில் இருப்பு பத்து லட்சம் டன்னைத் தாண்டிற்று. ஆகவே 1984 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நாட்டுக்கும் பால் அளவு நிர்ணயிப்பதென்றும், மிகுதியாகக் கறப்பவர்களுக்குக் கடும் அபராதத் தீர்வை விதிப்பதென்றும் யோசனை வந்தது.

அயர்லாந்து திகைத்துப்போயிற்று. புல்வளம் நிறைந்த அந்நாட்டில் பால் தொழில் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. மற்ற நாடுகளில் வளர்ந்து முடிந்திருந்தது. இருக்கும் அளவில் நிறுத்து என்பது, வளர்ந்தவனுக்கும் வளர்கிறவனுக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பது போன்றது. பிரதம மந்திரி காரட் பிட்ஸ்ஜெரால்ட் 1984 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டிலிருந்து வெளிநடப்புச் செய்தார். பெரும்பாலான நாடுகளுக்கு 1981-ம் ஆண்டுப் பாலின்மேல் 1 சதவிகிதம் கூட்டிப் பங்கீடு நிர்ணயமாயிற்று. அயர்லாந்துக்கு அதிகமாகப் பால் கறந்த 1983-ம் ஆண்டு அடிப்படையாகக் கொள்ளப்பட்டு, மேலும் சிறிது சேர்க்கப்பட்டது. சிறிய அங்கத்தினர் குரல் எழுப்பினால் பலனுண்டு என்பதற்கு இது சாட்சி. ஆனால் பங்கீட்டையே தடுக்க அந்தக் குரலால் முடியவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

அதன் பாரம் வந்து விழுந்த இடம் நமது வாசகர்களுக்கு நன்கு விளங்கும். பாலை வாங்குகிற சங்கமே கணக்கு வைக்க வேண்டும். மிகுதிக்கான தீர்வையை அங்கத்தினரின் பால் பணத்திலிருந்து பிடித்துக் கட்ட வேண்டும். தன் சங்கத்தின் செயலாளர் தன்னிடம் அபராதம் பிடிக்கிறார் என்றே விவசாயி கருதினான். பிரஸ்ஸல்ஸ் அவன் கண்ணுக்குத் தென்படவில்லை. மேலிருந்து வரும் விதியைக் கீழே அமல் நடத்துகிறவர் அடையும் பழியைச் சங்கப் பணியாளர் எந்த நாட்டிலும் சுமக்கத்தான் வேண்டும் போலும். பங்கீடு முப்பத்தோராண்டுகள் நீடித்து 2015 மார்ச் 31-ல் முடிந்தது. முடியும் ஆண்டிலும் அயர்லாந்து விவசாயிகள் அளவை மீறிச் சுமார் 7 கோடி யூரோ தீர்வை கட்டும்படியாயிற்று. தடை நீங்கியபின் 2022-க்குள் பால் ஒன்றரை மடங்குக்கு மேலாகப் பெருகிற்று.

பெருகியதும் வேறொரு விதி குறுக்கே வந்தது. நீர்நிலைகள் கெடாதிருக்கும்பொருட்டு, ஹெக்டேர் ஒன்றுக்குக் கால்நடை எருவின் மூலம் சேரும் நைட்ரஜன் 170 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது 1991-ம் ஆண்டுக் கட்டளை. அயர்லாந்து அதைச் சரிவர நிறைவேற்றவில்லை என்று பொது நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பளித்தது. பின்னர் விசேஷ அனுமதி பெற்று 250 கிலோ வரை பல பண்ணைகளில் அனுமதிக்கப்பட்டது. நீரின் தரம் குறைந்ததனால் 2024 முதல் பல பகுதிகளில் அது 220 ஆக்கப்பட்டது. மாட்டை விற்பதா, நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதா என்ற கவலை பல குடும்பங்களுக்கு. அவர்கள் வருத்தம் நியாயமானது. அதே ஆற்று நீரைக் குடிப்பவர்களின் வருத்தமும் நியாயமானதே.

சர்க்காருக்கு எதிராகக் குடிமக்கள்

இதுவரை கூறியவை விவசாயியும் சர்க்காரும் ஒரு பக்கத்திலும் பிரஸ்ஸல்ஸ் மறுபக்கத்திலும் நின்ற விஷயங்கள். குடிமக்கள் பிரஸ்ஸல்ஸின் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொந்தச் சர்க்காரை எதிர்த்ததும் உண்டு. நமது மதிப்பில் இதுவே இவ்வமைப்பின் மிகப் பெரிய விளைவு.

சம வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி என்பது ரோமாபுரி உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தது. அயர்லாந்து அதற்கெனச் சட்டம் செய்தது 1974-ல். அமலுக்கு வரும் வேளையில், பணமில்லை, சிறிது தவணை கொடுங்கள் என்று அரசாங்கம் ஐரோப்பியக் கமிஷனைக் கேட்டது. 1976-ல் கமிஷன் மறுத்துவிட்டது. அதே ஆண்டு பெல்ஜிய விமானப் பணிப்பெண் டிஃப்ரென் தொடுத்த வழக்கிலும், பழைய பாக்கியையெல்லாம் கொடுக்க நேர்ந்தால் கஜானா தாங்காதென்று அயர்லாந்தும் பிரிட்டனும் முறையிட்டன. உரிமை உண்டு என்றே நீதிமன்றம் கூறிற்று. ஆனால் முன்னமே வழக்கிட்டவர்கள் தவிர மற்றவர்கள் தீர்ப்புத் தேதிக்கு முந்திய காலத்துக்குக் கேட்க முடியாதென்று ஓர் எல்லையும் வகுத்தது.

இதைவிட நேரானது மெக்டெர்மாட், காட்டர் என்ற இரு மணமான பெண்களின் வழக்கு. வேலையிழந்த மணமான பெண்ணுக்கு, ஆணுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த தொகையைக் குறைந்த காலத்துக்கே அயர்லாந்து கொடுத்து வந்தது. 1984 டிசம்பருக்குள் இவ்வேற்றுமையை நீக்க வேண்டுமென்பது பொதுக் கட்டளை. தவணை கடந்தும் சட்டம் திருத்தப்படவில்லை. நாட்டுச் சட்டம் திருந்தாவிட்டாலும் தவணை முடிந்த நாள் முதல் உங்களுக்குச் சம உரிமை உண்டு என்று 1987-ல் தீர்ப்பாயிற்று. பின்னரும் சர்க்கார் விடவில்லை. கணவன் மனைவியை நம்பி வாழாதவனாயினும் அவனுக்காக இவர்களுக்குக் கூடுதல் தொகை கொடுப்பது அநியாயமான லாபமாகும் என்று வாதித்தது. ஆண்களுக்கு அவ்வாறு விசாரணையின்றிக் கொடுத்தவர்கள் நீங்கள்தானே; உங்கள் தவற்றையே உங்களுக்குச் சாதகமாகக் காட்ட முடியாது என்று 1991-ல் விடை வந்தது. நடவாத மகாசபைத் தீர்மானத்தைக் காட்டி அங்கத்தினரின் போனஸை நிறுத்த முயலும் நிர்வாகிகளுக்கு இதே விடையைத்தான் நாமும் கூறுவோம்.

யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?

உபவிதித் திருத்தங்களுக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக்கொடுத்தவன், எத்தகைய திருத்தத்துக்கும் கட்டுப்பட்டவனா? இக்கேள்வியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனவர் ரேமண்ட் கிராட்டி. முன்னாளில் விவசாயம் செய்து, பின்னர் பொருளாதார ஆராய்ச்சிக்கு வந்தவர். 1972-லேயே சங்கத்தில் சேர்வதை எதிர்த்தவர். 1986-ல் ஒன்றுபட்ட ஐரோப்பியச் சட்டம் என்ற திருத்த உடன்படிக்கையைப் பார்லிமெண்டு ஏற்றுக்கொண்டது. ஒப்புதல் பத்திரத்தை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. 1987 ஜனவரி 1 முதல் எல்லா நாடுகளிலும் அமலாக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கிராட்டி தடையுத்தரவு பெற்றார்.

1987 ஏப்ரல் 9-ல் அயர்லாந்தின் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சந்தையைப் பற்றிய திருத்தங்களெல்லாம் 1972-ல் ஜனங்கள் கொடுத்த அனுமதிக்குள் அடங்கும். ஆனால் அயல்நாட்டுக் கொள்கையில் மற்ற நாடுகளுடன் இசைந்து நடக்கக் கடமைப்படுவது அதற்குள் அடங்காது. அவ்வதிகாரம் அரசாங்கத்தின் சொத்தன்று, ஜனங்களிடமிருந்து பெற்றது. அதைப் பிணைக்க வேண்டுமானால் ஜனங்களையே கேட்க வேண்டும் என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் கூறினர். மே 26-ல் வாக்கெடுப்பு நடந்தது, 69.9 சதவிகிதத்தினர் சம்மதித்தனர். தனி மனிதர் ஒருவருக்காக ஐரோப்பா முழுவதும் ஜூலை 1 வரை காத்திருந்தது.

அன்று முதல் பெரிய திருத்தங்களுக்கெல்லாம் அயர்லாந்து ஜனங்களை அரசாங்கம் கேட்டாக வேண்டியதாயிற்று. கேட்டபோது அவர்கள் மறுத்ததும் உண்டு. நீஸ் உடன்படிக்கையை 2001-ல் நிராகரித்து 2002-ல் ஏற்றனர். லிஸ்பன் உடன்படிக்கையை 2008 ஜூன் 12-ல் 53.4 சதவிகிதத்தினர் நிராகரித்தனர். விரும்பிய விடை வரும் வரை மீண்டும் மீண்டும் கேட்பதா என்று பலர் குறை கூறினர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. எனினும் இரண்டாம் முறை கேட்டது அதே உடன்படிக்கையாயினும், நிபந்தனைகள் அதே அல்ல. அயர்லாந்தின் நடுநிலைமை, வரி விதிக்கும் உரிமை முதலியவை பாதிக்கப்படா என்ற உறுதிமொழிகள் எழுத்தில் கிடைத்தன. லிஸ்பன் திட்டப்படி 2014 முதல் கமிஷனில் மூன்றில் இரண்டு பங்கு நாடுகளுக்கே ஒரே காலத்தில் இடம் கிடைப்பதாக இருந்தது. ஐரோப்பியப் பார்லிமெண்டின் 720 இடங்களில் 14 மட்டுமே உடைய அயர்லாந்து போன்ற சிறிய நாட்டுக்கு அது பெரிய இழப்பு. அந்த விதியையும் மற்ற நாடுகள் கைவிட்டன. 2009 அக்டோபர் 2-ல் 67.1 சதவிகிதத்தினர் ஒப்புக்கொண்டனர். ஜெர்மனியாயினும் மால்டாவாயினும் நாட்டுக்கு ஒருவராக 27 கமிஷனர்கள் இன்று பிரஸ்ஸல்ஸில் அமர்ந்திருப்பது, அந்த முதல் வாக்கெடுப்பில் அயர்லாந்து ஜனங்கள் மறுத்ததனாலேயே.